பிஸ்டன் ஏன் திரும்பி வர மாட்டேங்குது?

வாசகர் கேள்வி – பதில்

மழைக்காலம் முடிந்து பத்து நாள் ஆனதும் எனக்கு வருகிற கடிதங்களில் பாதி முன் பிரேக்கைப் பற்றித்தான் இருக்கும். இந்தத் தடவையும் அப்படியே. கேட்டவர்கள் வேறு, வண்டிகள் வேறு, ஆனால் எல்லாம் சுற்றிச்சுற்றி டிஸ்க்கைப் பேடுகளால் அமுக்கிப் பிடிக்கிற காலிப்பருக்குள், பிஸ்டனைச் சுற்றி இருக்கும் சீல் என்ற ஒரு ரப்பர் வளையத்திலேயே வந்து நிற்பதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: என் 150 சிசி பைக்குக்கு 8 வயது. எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளினால் யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி கனக்கிறது. ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு முன் டிஸ்க்கில் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்கிறது. மெக்கானிக், ‘காலிப்பர் போச்சு சார், முழுசா மாத்திடலாம்’ என்கிறார். சீல் மட்டும் மாற்றினால் போதாதா? – கடலூர் வாசகர்

போதலாம். ஆனால் அதற்கு முன்னால், குற்றவாளி காலிப்பர்தானா என்று பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலைதான். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தி உட்காரச் சொன்னால் முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும். பிரேக்கை இரண்டு மூன்று தடவை பிடித்து விடுங்கள், சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். இறுகி நிற்கிறதா? அப்படியே வைத்துக்கொண்டு காலிப்பரில் காற்றும் ஆயிலும் வெளியேற்ற இருக்கும் பிளீட் நிப்பிளில் ஒரு சின்ன டியூபைச் சொருகி, நிப்பிளைக் கால் சுற்று திறந்துவிடுங்கள். கொஞ்சம் ஆயில் பீச்சிவிட்டு சக்கரம் லேசாகிவிட்டால், உள்ளே அழுத்தம் மாட்டிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். அது காலிப்பர் கோளாறே இல்லை. மேலே பிரேக் லீவரோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பி வருகிற ஊசித்துளை அடைத்திருக்கும், அல்லது ஹோஸ் உள்பக்கம் ஊதிப்போய் வழியை மறிக்கும். நிப்பிளைத் திறந்த பிறகும் சக்கரம் அசையவில்லை என்றால் பிஸ்டனோ, காலிப்பர் நகர்கிற ஸ்லைடு பின்னோ பிடித்திருக்கிறது. ஸ்லைடு பின்னை முதலில் பாருங்கள், அதற்கு ஆயில் லைனைத் தொடவே வேண்டாம்.

சரி, பிஸ்டன்தான் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் நிறையப் பேர் (மெக்கானிக்குகள் உட்பட) ஒன்றைத் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சீல் என்றால் ஆயில் ஒழுகாமல் அடைக்கிற ரப்பர், ஒழுகவில்லை என்றால் சீல் நன்றாக இருக்கிறது. இதுதான் அவர்கள் கணக்கு. டிரம் பிரேக்கில் ஷூவைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் உண்டு, பார்த்திருப்பீர்கள். டிஸ்க் பிரேக் காலிப்பருக்குள் பிஸ்டனைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் எங்கே? கிடையாது. அந்த வேலையைச் செய்வதும் இதே சீல்தான். நறுக்கிப் பார்த்தால் சதுரமாக இருக்கிற வளையம் அது, காலிப்பர் சுவரில் வெட்டிய பள்ளமான காடிக்குள் உட்கார்ந்து பிஸ்டனை இறுகப் பிடித்திருக்கும். லீவரை அழுத்தினால் பிஸ்டன் முன்னே போகும், அதோடு ஒட்டியிருக்கிற ரப்பரும் கொஞ்சம் வளைந்து கூடவே போகும். லீவரை விட்டதும் வளைந்த ரப்பர் நிமிர்ந்து, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டரில் சின்னப் பங்கு பின்னால் இழுத்துக்கொள்ளும். பேட் டிஸ்க்கை உரசாமல் இருப்பது அந்த மயிரிழை இடைவெளியால்தான். பேட் தேயத் தேய, பிஸ்டன் ரப்பரில் வழுக்கி முன்னே நகர்ந்து புது இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், அதனால்தான் டிஸ்க் பிரேக்கை டிரம் பிரேக் மாதிரி அடிக்கடி டைட் வைக்க வேண்டியதில்லை.

எட்டு வருஷ ரப்பருக்கு நிமிர்கிற தெம்பு போய்விட்டால் ஒரு சொட்டு ஒழுகாமலேயே பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கும். உங்கள் வண்டிக்கு நடந்திருப்பது அநேகமாக இதுதான். சீல் கிட் சில நூறு ரூபாய். பிஸ்டன் நல்ல நிலையில் இருந்தால் காலிப்பரை மாற்ற ஒரு காரணமும் இல்லை. பிஸ்டனைக் கழற்றிப் பார்க்காமலே ‘முழுசா மாத்திடலாம்’ என்றால் அவருக்கு நேரமில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: சீல் கிட் வாங்கிவிட்டேன். வீட்டிலேயே மாற்ற ஆசை. ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், பேட் நானே மாற்றியிருக்கிறேன். எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்? ஏர் கம்ப்ரஸர் இல்லாமல் பிஸ்டனை எப்படி வெளியே எடுப்பது? – திருப்பூர் வாசகர்

கம்ப்ரஸர் இல்லாததே நல்லது. ஹோஸைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் காற்றடித்தால் பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும், குறுக்கே விரல் இருந்தால் விரல் போயிற்று. உங்களிடம் அதைவிட நல்ல பம்ப் ஏற்கெனவே ஹேண்டில்பாரில் இருக்கிறது, பிரேக் லீவர்தான் அது. ஹோஸ் மாட்டியபடியே இருக்கட்டும். ஃபோர்க்கிலிருந்து காலிப்பரை மட்டும் கழற்றி, பேடுகளை எடுத்துவிட்டு, லீவரை மெதுவாக அழுத்தி அழுத்தி விட்டால் பிஸ்டன் தானாக வெளியே வரும். மேலே இருக்கும் ஆயில் கிண்ணத்தில் (ரிசர்வாயர்) ஆயில் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருங்கள்.

இரட்டைப் பிஸ்டன் காலிப்பர் என்றால் ஒரு சிக்கல். இரண்டும் சேர்ந்து வராது. லேசாக இருக்கிறது முன்னே ஓடிவரும், பிடித்துக்கிடப்பது அசையாது. முன்னே ஓடுவது விழுந்துவிட்டால் அழுத்தம் முழுக்க அந்த வழியே போய்விடும், அப்புறம் மற்றதை எடுக்கப் படாதபாடு படவேண்டும். அதனால் ஓடிவருகிற பிஸ்டனுக்கு எதிரே தேய்ந்த பழைய பேடையோ மரத்துண்டையோ வைத்துத் தடுத்து, பிடித்திருப்பதை முதலில் வரவையுங்கள். இரண்டும் வெளியே விழுகிற நிலைக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, அப்போது ஹோஸைக் கழற்றி, மிச்சத்தைக் கையால் திருகி எடுங்கள். பிஸ்டனின் வெளிப்பக்கத்தைக் கட்டிங் பிளேயரால் பிடிக்கவே கூடாது. பல் பட்ட கீறல் ஒன்று போதும், புது சீல் இரண்டே மாதத்தில் ஒழுகும்.

கீழே பழைய துணி விரியுங்கள். டேங்க்கையும் மூடி வையுங்கள், பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும். சிந்திவிட்டால் துடைத்துக்கொண்டிருக்காமல் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், தண்ணீரில் கரைந்து போய்விடும்.

சீலைக் காடியிலிருந்து எடுக்க ஸ்குரூடிரைவர் வேண்டாம். அலுமினியம் மெத்தென்ற உலோகம், ஸ்குரூடிரைவர் முனை நழுவினால் காடியில் கோடு விழும். எனக்குப் பிடித்த ஆயுதம் துடைப்பத்து ஈர்க்குச்சி. இரண்டாக ஒடித்து நுனியைச் சீவிக்கொண்டு, சீலின் ஓரத்தில் நுழைத்து நெம்பினால் பாம்பு மாதிரி வெளியே வரும். ஒரு பிஸ்டனுக்கு இரண்டு வளையம் இருக்கும். உள்ளே ஆயில் பக்கம் இருப்பது தடிமனானது, அதுதான் அசல் சீல். வெளியே இருப்பது மெல்லியது, தூசியையும் தண்ணீரையும் தடுக்கிற டஸ்ட் சீல். எது எங்கே இருந்தது என்று எடுக்கும்போதே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிஸ்டனைத் துடைத்துவிட்டு நகத்தை அதன் மேல் மெதுவாக ஓட்டுங்கள். சீல் உரசுகிற பகுதியில் எங்காவது நகம் தட்டினால் அந்தப் பிஸ்டன் வேலைக்கு ஆகாது, புதுசு போடுங்கள். வெறும் பழுப்புக் கறை என்றால் 2000-ஆம் நம்பர் உப்புத்தாளை நனைத்து லேசாகத் தேய்த்தால் போய்விடும். குரோம் உரிந்து குழி விழுந்ததை உப்புத்தாளால் சரிசெய்ய முடியாது.

மாட்டும்போது புது சீலுக்கும் பிஸ்டனுக்கும் புது பிரேக் ஆயில் தடவுங்கள், அல்லது பிரேக் ரப்பருக்கென்றே விற்கிற சிவப்பு ரப்பர் கிரீஸ். வேறு எதுவும் கூடாது (ஏன் என்பது கீழே வருகிறது). சீல் காடியில் முறுக்கில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று விரல் நுனியால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். அப்புறம் பிஸ்டனை நேராக வைத்து இரண்டு கட்டைவிரலாலும் தள்ளினால் லேசான எதிர்ப்போடு உள்ளே போகும். கோணிக்கொண்டு நின்றால் வெளியே எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். சுத்தியலைத் தேடிப் போகாதீர்கள்.

ஹோஸைப் பிடிக்கும் பேஞ்சோ போல்ட்டின் இரண்டு பக்கமும் வருகிற வாஷர்களைப் புதுசு போடுங்கள், பழையது ஏற்கெனவே நசுங்கியது. எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும், அந்த அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள். காலிப்பர் அலுமினியம், ‘இன்னும் ஒரு பிடி’ என்று முறுக்கினால் மரை போய்விடும். மாட்டி முடித்ததும் ஆயில் ஊற்றி உள்ளே இருக்கும் காற்றை எடுக்க வேண்டும், அது கடைசிக் கேள்வியில் வருகிறது.

கேள்வி: போன மாதம்தான் ஒரிஜினல் சீல் போட்டேன், பிஸ்டனும் புதுசு. மூன்று வாரம் நன்றாக இருந்தது, மறுபடி பிடிக்க ஆரம்பித்துவிட்டது. கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு. உப்புக்காற்றுதான் காரணமா? – நாகப்பட்டினம் வாசகர்

காரணம் உப்புக்காற்றுதான், ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் இல்லை. காடியைச் சுத்தம் பண்ணினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதனால்தான் சந்தேகப்படுகிறேன்.

டஸ்ட் சீலுக்குப் பின்னால், காடியின் அடியில், அலுமினியம் பூத்து வெள்ளையாக ஒரு பொடி சேரும். முதலில் மாவு மாதிரி இருக்கும், வருஷம் போகப் போகச் சுண்ணாம்பு மாதிரி இறுகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் காடி குறுகல், உள்ளே நிழல். அந்தப் பூப்பு காடியின் ஆழத்தைக் குறைக்கும்போது ரப்பர் உட்கார இடமில்லாமல் மேலே எழும்பி, பிஸ்டனைக் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொள்ளும். இப்போது நீங்கள் எத்தனை ஒரிஜினல் சீல் வாங்கிப் போட்டாலும் அதே கதைதான். புது ரப்பர் பழையதைவிட இறுக்கமாக இருக்குமே தவிர விடாது.

மறுபடி கழற்றுங்கள். பித்தளைக் கம்பி பிரஷ், வளைந்த நுனியுள்ள மழுங்கலான கொக்கி, பிரேக் கிளீனர், ஒரு டார்ச். காடியின் அடி உலோகமாகப் பளிச்சென்று தெரிகிறவரை சுரண்டுங்கள். அவசரப்படாமல் சுற்றிச்சுற்றிச் சுரண்ட வேண்டும், பூப்பை மட்டும்தான் எடுக்க வேண்டும், உலோகத்தை அல்ல. நான் ஒரு காலிப்பருக்கு இதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வேன். சீலை மாட்ட ஐந்து நிமிடம் போதும். கடையில் இந்த வேலையைச் சொல்லிச் செய்ய வைப்பது கஷ்டம், பக்கத்தில் நின்று பாருங்கள், அல்லது நீங்களே செய்யுங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். பேட் மாற்றும் ஒவ்வொரு தடவையும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பிஸ்டனைப் பழைய டூத்பிரஷ்ஷும் சோப்புத்தண்ணீரும் போட்டுத் தேய்த்துத் துடைத்த பிறகே உள்ளே தள்ளுங்கள். அழுக்கோடு தள்ளினால் அந்த அழுக்கை நீங்களே டஸ்ட் சீலுக்குள் ஏற்றிவிடுகிறீர்கள்.

கேள்வி: பக்கத்துக் கடையில் காலிப்பரைப் பிரித்துப் பெட்ரோலில் கழுவி, கிரீஸ் தடவி மாட்டினார்கள். ‘இனி வழுக்கிட்டுப் போகும்’ என்றார்கள். இப்போது முன்பைவிட மோசம். ஏன்? – தர்மபுரி வாசகர்

இதைப் படித்ததும் எனக்கு என் பழைய வண்டி ஞாபகம் வந்துவிட்டது. எந்தக் கடையையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இதே தப்பை நானே செய்திருக்கிறேன். முதன்முதலில் டிஸ்க் பிரேக் வண்டி வாங்கிய காலம். பிஸ்டன் இறுக்கமாக இருக்கிறதே என்று, செயின் ஸ்பிராக்கெட் பக்கம் போடுகிற கிரீஸ் டப்பாவிலிருந்து ஒரு விரல் எடுத்து சீலுக்குத் தாராளமாகத் தடவினேன். ஒரு வாரம் வெண்ணெய் மாதிரி இருந்தது, ஊரெல்லாம் பெருமை. இரண்டாவது வாரம் விழுப்புரம் தாண்டி விக்கிரவாண்டி போகும் வழியில் வண்டி திணறுகிறது, கியரைக் குறைத்தாலும் திணறுகிறது, கருகின வாடை. இறங்கிப் பார்த்தால் முன் டிஸ்க் நீலம் பாரித்திருக்கிறது. அங்கேயே ஒரு புளியமரத்தடியில் சூடு ஆறும்வரை உட்கார்ந்து, நிப்பிளைத் திறந்துவிட்டு, பின் பிரேக்கை மட்டும் நம்பி ஊர் வந்து சேர்ந்தேன். (அப்படி ஓட்டியதும் தப்புதான், நீங்கள் செய்யாதீர்கள்.) பிரித்து சீலை எடுத்தால், ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. எந்தக் காடியிலிருந்து எடுத்தேனோ அதே காடிக்குள் திரும்ப நுழைய மறுத்தது.

காரணம் எளிமையானது. பிரேக் சீல்களைப் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பரில் செய்கிறார்கள். நாம் வழக்கமாக ஊற்றுகிற கிளைக்கால் வகை பிரேக் ஆயில் அதற்கு ஒன்றும் செய்யாது. ஆனால் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில், சாதாரண கிரீஸ் எல்லாம் பெட்ரோலியம். அதை உறிஞ்சி இந்த ரப்பர் ஊதிவிடும், ஊதினது திரும்பச் சுருங்கி பழைய அளவுக்கு வராது.

உங்கள் காலிப்பரில் இரண்டு சீலையும் தூக்கிப் போடுங்கள். காடி, பிஸ்டன், ஆயில் போகிற துளை எல்லாவற்றையும் பிரேக் கிளீனரால் கழுவுங்கள். பெட்ரோலோ கிரீஸோ ஆயிலோடு கலந்து மேலேயும் போயிருக்கும் என்று தோன்றினால் மாஸ்டர் சிலிண்டர் ரப்பரையும் ஹோஸையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. ரிசர்வாயர் மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் டயஃப்ரம் இருக்கும், திறந்து பாருங்கள். அது நெளிந்து, இடத்தில் உட்காராமல் இருந்தால் எண்ணெய் மேல்வரை போய்விட்டது.

ஸ்லைடு பின்னுக்கும் சாதாரண கிரீஸ் கூடாது, சிலிக்கான் கிரீஸ்தான். அதைச் சுற்றியிருக்கும் உறையும் ரப்பர்தான்.

கேள்வி: டாட் 4 பிரேக் ஆயில் போடச் சொல்லி ரிசர்வாயர் மூடியில் இருக்கிறது. கடையில் டாட் 5 இருக்கிறது, ‘நம்பர் கூட, சரக்கு நல்லது’ என்கிறார் கடைக்காரர். போடலாமா? – திண்டுக்கல் வாசகர்

கூடாது. இதில் நம்பர் கூடுவது தரம் கூடுவதில்லை. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. டாட் 5 மட்டும் சிலிக்கான், மற்றவற்றோடு கலக்காது. குழப்பத்துக்கென்றே பெயர் வைத்த மாதிரி 5-ம் 5.1-ம் வேறு வேறு ஜாதி. மூடியில் டாட் 4 என்றால் டாட் 4 போடுங்கள்.

இன்னொன்று, திறந்து பாதி மிச்சம் வைத்த டப்பாவை அடுத்த வருஷம் எடுத்து ஊற்றாதீர்கள். இந்த ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கும். புது டாட் 4 குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் அந்த விதியே 155 டிகிரிதான் எதிர்பார்க்கிறது. கொல்லிமலை கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டால் லீவர் கைப்பிடியைத் தொடும், வண்டி நிற்காது. ஈரம் உள்ளிருந்தே பிஸ்டனையும் அரிக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாற்றுங்கள். யமஹாவின் பல மாடல் கையேடுகளில் ஆயிலோடு காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் உள்பாகங்களையும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, ஹோஸை நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லியிருக்கும். நம் ஊரில் யார் செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

கேள்வி: என் வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறது. சீல் மாற்றக் கம்பெனி சர்வீஸுக்குத்தான் போக வேண்டுமா? – ஓசூர் வாசகி

125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் ஏப்ரல் 2019-லிருந்து ஏபிஎஸ் (திடீரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) கட்டாயம், அதனால் இந்தக் கேள்வி இனி நிறைய வரும். காலிப்பர் காலிப்பர்தான், சீல் வேலையில் வித்தியாசமில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சென்சார் வயரை இழுத்துவிடாதீர்கள், காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள், அவ்வளவுதான். ஒரே ஒரு அபாயம், பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஏபிஎஸ் மாடுலேட்டருக்குள் காற்று ஏறிவிடுவது. ஹோஸைக் கழற்றியதும் வாயை பாலித்தீன் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, காலிப்பரைவிட உயரத்தில் தூக்கிக் கட்டுங்கள். ரிசர்வாயர் எந்த நேரத்திலும் காலியாகக் கூடாது. காலியாகி மாடுலேட்டருக்குள் காற்று போய்விட்டால் சில வண்டிகளில் கம்ப்யூட்டர் டூல் மாட்டித்தான் எடுக்க முடியும், அப்போது நீங்கள் சொன்ன இடத்துக்கே போக வேண்டிவரும்.

கேள்வி: ரிசர்வாயரில் ஆயில் குறைந்துகொண்டே வருகிறது, எங்கேயும் ஒழுகல் இல்லை. சீல் போய்விட்டதா? – மன்னார்குடி வாசகர்

பேடைப் பாருங்கள். பேட் தேய்ந்து பிஸ்டன் வெளியே வந்தால் அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கத்தான் செய்யும். மேலே ஊற்றி நிரப்பாதீர்கள், புது பேட் போட்டுப் பிஸ்டனைத் தள்ளும்போது மூடி வழியாகப் பொங்கி டேங்க்கில் வழியும். பேட் புதுசாக இருந்தும் குறைகிறது என்றால் அப்போது சீலைச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: சீல் மாற்றி, காற்றும் எடுத்துவிட்டேன். ஆனாலும் லீவர் பஞ்சு மாதிரி இருக்கிறது. – சங்கரன்கோவில் வாசகர்

காற்று இன்னும் இருக்கிறது. லீவரை அழுத்திப் பிடித்து, நிப்பிளைத் திறந்து, மூடி, அதற்கப்புறம்தான் லீவரை விட வேண்டும். மூடும் முன் விட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும், தனியாகச் செய்கிறவர்கள் தவறுவது இங்கேதான், ஒரு பையனைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். நிப்பிளில் மாட்டிய டியூபின் மறுமுனை ஆயிலுக்குள் முங்கியிருக்கட்டும், குமிழி நிற்பது தெரியும். கடைசியில் ஹேண்டில்பாரை ரிசர்வாயர் உச்சியில் வருகிற மாதிரித் திருப்பி, லீவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிட்டு ராத்திரி தூங்கப் போங்கள். காலையில் கட்டை அவிழ்த்து நாலைந்து தடவை பம்ப் பண்ணினால் மிச்சமிருந்த பொடிக் குமிழிகளும் ரிசர்வாயருக்கு ஏறிவிடும். பெரும்பாலும் இதோடு சரியாகிவிடும்.

கட்டை அவிழ்த்ததும் நேராக ரோட்டுக்குப் போய்விடாதீர்கள். உள்ளே தள்ளின பிஸ்டன் பேடைத் தொடுகிறவரை நின்ற இடத்திலேயே பம்ப் பண்ணி, லீவர் கெட்டியானதும் தெருவுக்குள் மெதுவாக ஓட்டிப் பத்துப் பதினைந்து தடவை மிதமாகப் பிடித்துப் பாருங்கள். அப்புறம் இறங்கி, பேஞ்சோ போல்ட்டைச் சுற்றி ஒரு வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். காகிதம் நனையவில்லை என்றால் பெரிய ரோட்டுக்குப் போகலாம்.